வெளிநாட்டு மருத்துவச் சேர்க்கை ஆலோசனை: விமானம் ஏறும்வரை நல்ல சேவை

அக்கா மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க விரும்புவதால், சென்னையில் இயங்கும் சேர்க்கை ஆலோசனை நிறுவனம் ஒன்றை அண்மையில் அணுகினோம். அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதென்று எனக்குத் தோன்றவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீட் மதிப்பெண் அட்டை இல்லாமல் பேச்சையே தொடங்க மாட்டோம் என்று சொன்னார்கள். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்பவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம் என்பதால் அது சரியான கண்டிப்பு. சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்டில் முத்திரை பெறுவது, விசா, விமானச் சீட்டு, விடுதி, தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும் மெஸ் ஆகிய அனைத்துக்கும் தெளிவான பதில் வைத்திருந்தார்கள். கட்டண விவரத்தை எழுத்தில் தந்ததையும் பாராட்ட வேண்டும்.

சிக்கல் விளம்பரக் கையேட்டின் அட்டையிலேயே தொடங்குகிறது. 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என்.எம்.சி. எனப்படும் தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கிப் பட்டியல் வெளியிடுவதில்லை. 2021 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான உரிம ஒழுங்குமுறைகள், அவர்கள் இந்தியாவில் மருத்துவம் பார்ப்பதற்கான நிபந்தனைகளை மட்டுமே சொல்கின்றன. ஒரு கல்லூரியின் படிப்பு அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சேரும் பொறுப்பு மாணவருடையது. அந்தப் பொறுப்பைச் சுமக்கத் தெரியாமல்தான் நாம் காசு கொடுத்து ஆலோசகரிடம் போகிறோம் என்பதால், இந்தச் சேவையின் தரத்தையும் அதை வைத்தே அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலை முதலில் கையேட்டின் பிலிப்பைன்ஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்தரை ஆண்டுப் படிப்பு என்று போட்டிருந்தது. விதிப்படி மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதன்பின் அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவர் காலம் வேண்டும். அந்நாட்டின் அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி. நான்கு ஆண்டு, அதாவது 48 மாதங்கள். அதற்கு முன் படிக்கும் பி.எஸ்., மருத்துவத்துக்கு முந்தைய இளநிலைப் பட்டமே தவிர மருத்துவப் படிப்பு அன்று. கையேடு இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறது. இதைச் சுட்டிக்காட்டியபோது ஆலோசகர், "சார், நீங்கள் ஜார்ஜியாதானே பார்க்கிறீர்கள்?" என்று பக்கத்தைத் திருப்பினார்.

ஜார்ஜியாவில் ஆறு ஆண்டு, ஆங்கில வழி. மாதக் கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த 72 மாதங்களுக்குள் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் கலந்து வருகின்றன. 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் பல்கலைக்கழகம் தனித்தனியாகக் குறிப்பிட்டுச் சான்று தருமா என்ற கேள்விக்கு, "எல்லாருக்கும் கொடுப்பார்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை. பட்டம் பெற்றவர் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக அங்கே மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெறும் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. அதற்கு அங்கே பட்டம் மட்டும் போதுமா, மேற்கொண்டு தேர்வோ பயிற்சியோ உண்டா என்று கேட்டேன். யாரும் அங்கே பிராக்டிஸ் செய்யப் போவதில்லையே என்று சிரித்தார்கள். அங்கே பிராக்டிஸ் செய்யாதவரிடமும் அந்தத் தகுதியை விதி எதிர்பார்க்கிறது என்பது அந்த மேசையில் இருந்த எவருக்கும் உறைக்கவில்லை.

இவற்றைவிட என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொரு சலுகை. விசா தாமதமானால் முதல் பருவத்தை வீட்டிலிருந்தே இணையவழியில் படித்துக்கொள்ளலாமாம். படிப்பு, பயிற்சி அனைத்தும் இந்தியாவுக்கு வெளியே, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கல்வி நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்றும், எந்தப் பகுதியும் இந்தியாவிலோ மூன்றாவது நாட்டிலோ நடக்கக் கூடாது என்றும் 2021 விதி சொல்கிறது. கொரோனாக் காலத்திலும் உக்ரைன் போரின்போதும் இணையவழியில் படித்தவர்கள் அதை ஈடுகட்டியதற்குச் சான்று கேட்டு அலைக்கழிக்கப்பட்ட பிறகும், இதை வசதி என்று விற்கிறார்கள்.

ஊர் திரும்பிய பின் நடப்பவை கையேட்டில் ஒரே வரி: 'எஃப்.எம்.ஜி.இ. பயிற்சி இலவசம்'. எஃப்.எம்.ஜி.இ. என்பது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குத் தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தகுதித் தேர்வு; அதில் 300 வினாக்கள். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அப்படியிருந்தும் எழுதுபவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறாத அமர்வுகளே அதிகம். 2021 விதிகள் இதற்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற புதிய தேர்வைச் சொல்கின்றன. அது நடைமுறைக்கு வராததால் பழைய தேர்வே தொடர்கிறது. தேறிய பிறகும் இந்தியாவில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருந்தால்தான் மாநில மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கிடைக்கும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் இவையெல்லாம் முடிய வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஆக, ஆறே ஆண்டில் டாக்டர் என்ற கணக்கு யாருக்கும் வாய்க்காது. முதல் முயற்சியிலேயே தேறுபவருக்கும் ஏழரை, எட்டு ஆண்டுகள் ஆகிவிடும். கையேடு சொன்ன இலவசத் தேர்வுப் பயிற்சி எப்படி என்று பார்த்தால், பதிவுசெய்த காணொளிகளுக்கான ஒரு கடவுச்சொல்தான்.

ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்தேன். சேர்க்கைக் கடிதம், விசா, பயணம், முதலாண்டு விடுதி, விமான நிலையத்தில் வரவேற்பு ஆகியவற்றோடு நிறுவனத்தின் கடமை முடிகிறது. கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில், இந்தியப் பதிவு தொடர்பான விதிகளுக்கோ அவற்றின் மாற்றங்களுக்கோ நிறுவனம் பொறுப்பேற்காது என்று இருக்கிறது. சட்டப்படி அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அட்டையில் என்.எம்.சி. பெயரைப் போட்டுக் கூப்பிட்டவர்கள் கடைசிப் பக்கத்தில் கைகழுவுவதை ஆலோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயண ஏற்பாட்டுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். உரிமம் பற்றிய வழிகாட்டலுக்கு ஒன்று, அதுவும் நீட் விஷயத்தில் காட்டிய கண்டிப்புக்காக.

படிப்பின் மாதக் கணக்கு, பயிற்சிக் காலம், பயிற்று மொழி, உள்நாட்டு உரிமத் தகுதி ஆகிய நான்குக்கும் பல்கலைக்கழகத்தின் முத்திரைத் தாளில் பதில் பெற்றுத் தருமாறு கேட்டிருக்கிறோம். பயிற்று மொழிக்கு மட்டும் கடிதம் வந்திருக்கிறது. மற்ற மூன்றும் வந்த பிறகே முன்பணம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.