ஒரு டக்டக் சத்தமும் 92,000 ரூபா பில்லும்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கராஜ் என் காருக்குச் செய்த வேலையை எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏனென்று கடைசியில் இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி என்று கடற்கரைப் பக்கம் காரை நிறுத்துகிறவர்கள் வாசியுங்கள்.

என்னுடையது 1996 நிசான் சன்னி, எஃப்பி 14 என்கிற மொடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்ப 2025 பெப்ரவரியில்தான் விட்டார்கள், விட்ட பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றும், ஆகவே இருக்கிறதைப் பழுதுபார்த்து ஓடுவதுதான் எங்களுக்கு வழி. இது கராஜ்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக்டக்டக் என்று ஒரு சத்தம் வந்தது. அக்சிலேட்டரை மிதித்தால் அதே வேகத்தில் கூடும். கல்லடிப் பாலம் தாண்டி எஞ்சின் சூடேறியதும் குறைந்து, டவுனுக்குள் வரும்போது இல்லாமலே போய்விடும். ஓயில் லைட் எரியவில்லை, ஓயிலும் குறையவில்லை. இதையெல்லாம் அந்த கராஜில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த பாஸ் பொனட்டைத் திறந்து ஒழுங்காகக் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. "அண்ணன், பிக் எண்ட் பேரிங் போய்ட்டு, இப்படியே ஓடினீங்கண்டா கொன்ரொட் உடைஞ்சு புளொக்கையும் கிழிச்சிரும்" என்றார். பிக் எண்ட் என்பது எஞ்சினின் அடியில், பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கிற கொன்ரொட்டின் கீழ் முனை; புளொக் என்றால் எஞ்சினின் உடம்பு. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு யார் காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்?

பில் 92,000 ரூபா. கார் நம்பர் இல்லாத ஒரு துண்டில் கையால் எழுதியது: பேரிங் செட், டப்பட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பெல்ட்), ஓயில், கூலி. பழைய சாமான்களைக் கேட்டேன், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம். காரை எடுக்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை, "பாருங்க, பட்டுப் போல ஓடுது" என்று சிரித்தார். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் முதலிலும் இருக்கவில்லை என்பதுதான் விசயம். அடுத்த நாள் காலை சாவியைத் திருப்பினால் அதே டக்டக்டக். போன் எடுத்தேன், புது பேரிங் செட்டாக ஆயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டும் என்றார்.

மறுகா ஏறாவூர்ப் பக்கம் ஒரு வயதான நானாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சொன்னது, "இரவைக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி, குளிரோட கேக்கணும்." காலையில் ஒரு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை எஞ்சினைச் சுற்றியும் வைத்துக்கொண்டே போனார். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அதை மூடியிருக்கிற ஹீட் ஷீல்ட் தகட்டைக் கழற்றினால், மனிஃபோல்டை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் ஒன்று துருப்பிடித்து முறிந்திருக்கிறது, இரண்டுக்கும் இடையில் புகை கசியாமல் வைக்கிற கஸ்கட் ஓரத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு. அந்த இடைவெளியால் புகை அடிக்கிற சத்தம்தான் அது. இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபடும், சத்தமும் நிற்கும். பிக் எண்ட் என்றால் பெரும்பாலும் மறுபக்கம்: சூட்டில் ஓயில் இளக இளகச் சத்தம் கூடும், அடியிலிருந்து கனமாக இடிக்கும், ஏற்றத்தில் இழுக்கும்போது இன்னும் மோசமாகும். உப்புக் காற்றில் நிற்கிற கார்களில் இப்படி ஸ்டட் போவது புதினமில்லையாம்.

கஸ்கட், ஸ்டட், முறிந்ததை எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 10,000 ரூபாவுக்குள் முடிந்தது.

அப்புறம் அந்தப் பழைய பில்லை நானாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டே கிடையாது, உள்ளே ஓடுவது செயின்! இல்லாத பெல்ட்டை மாற்றி அதற்குக் காசும் எடுத்திருக்கிறார்கள். காரைத் தூக்கிக் கீழேயும் காட்டினார். பேரிங் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினுக்கு அடியில் ஓயில் நிற்கிற தொட்டியான சம்பைக் கழற்ற வேண்டும், அந்த போல்டுகளில் வருசக்கணக்கான ஓயில் அழுக்கு அப்படியே இறுகிக் கிடக்கிறது, ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரும் அதே கதைதான். மாற்றியது ஓயில் மட்டும். ஒரு ஓயில் சேர்விசுக்கு 92,000!

ஆகவே யாராவது எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றால், முதலில் குளிர் ஸ்டார்ட்டில் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒல்டனேட்டர், வோட்டர் பம்ப் பக்கம் சந்தேகம் என்றால் வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு சில நொடி ஓட்டிப் பார்க்கலாம், சத்தம் நின்றால் எஞ்சினுக்குள் ஒன்றுமில்லை. வேலை தொடங்க முதலே பழைய சாமான்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், கேட்டதும் முகம் மாறினால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போல்டுகளை முன்கூட்டியே போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

அந்த கராஜுக்குப் படங்களோடு திரும்பப் போனேன். பெல்ட் விசயத்தைக் கேட்டதும், பையன் பில்லை மாறி எழுதிவிட்டானாம். பேரிங்கையும் பையன்தான் மாறி எழுதினானா என்று கேட்டேன், உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. இப்போது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அவர்களுடைய இலக்கம் 1977. பில் துண்டு, படங்கள், நானா எழுதித் தந்த கடிதம் எல்லாம் இணைத்திருக்கிறேன். அது முடியும்வரை கராஜ் பெயரைக் கேட்காதீர்கள், இன்பொக்ஸிலும் சொல்ல மாட்டேன். எஃப்பி 14 கஸ்கட் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சொல்கிறேன்.