எம்இஎன்-1 கணையக் கட்டி: கத்தியா, மாத்திரையா?

எம்இஎன்-1 பரம்பரையாக வரும் நாளமில்லாச் சுரப்பிக் கோளாறு. 11ஆவது குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாவதுதான் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. கழுத்திலுள்ள பாராதைராய்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, கணையம் மூன்றிலும் கட்டி வரலாம். கணையத்தில் கட்டி என்றதும் வீட்டில் எல்லோரும் ‘உடனே எடுத்துவிடலாம்’ என்பார்கள். அந்த அவசரம் எல்லாக் கட்டிக்கும் சரிவராது. அது எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இன்சுலினைச் சுரக்கும் கட்டியான இன்சுலினோமா என்றால் என் ஓட்டு கத்திக்குத்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சற்று நேரத்தில் ஆள் தெளிந்துவிடுவார். இதை வலிப்பு என்றோ மனநோய் என்றோ நினைத்து வருடக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. அதுதான் மனதை வருத்துகிறது. மருத்துவமனையில் வைத்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கிய பிறகும் இரத்தத்தில் இன்சுலின் குறையாமல் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். டயசாக்சைடு என்ற மருந்து சுரப்பை அடக்கும். ஆனால் உடம்பில் நீர் கோக்கும், தேவையில்லாத இடத்தில் முடி வளரும். அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கும் அறுவை முடியாதவர்களுக்கும்தான் அந்த மருந்து. பெரும்பாலான இன்சுலினோமாக்கள் புற்றாக மாறாதவை. எடுத்தால் தொல்லை தீரும். எம்இஎன்-1 இருப்பவருக்குப் பல கட்டிகள் இருக்கும் என்பதுதான் சிக்கல். கணையத்தின் வால்பகுதியை வெட்டி, தலைப்பகுதியில் உள்ளதை மட்டும் தோண்டி எடுப்பது வழக்கம். கணையம் அதிகம் போனால் நீரிழிவு வந்து சேரும்.

இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கும் காஸ்ட்ரின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி காஸ்ட்ரினோமா. அதில் கதை வேறு. 1955இல் அமெரிக்காவின் ஒஹையோவில் சோலிஞ்சரும் எல்லிசனும் இந்த நோயை விவரித்த காலத்தில், அமிலத்தை அடக்க வழியில்லாமல் இரைப்பையையே முழுதாக எடுத்தார்கள். இப்போது ஓமிப்ரசோல் வகை மாத்திரை அதிக அளவில் கொடுத்தால் புண்ணும் வயிற்றுப்போக்கும் அடங்கிவிடும். எம்இஎன்-1இல் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் முன்சிறுகுடல் சுவரில், 1 செ.மீ.கூட இல்லாமல், பலவாகச் சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாலும் பெரும்பாலும் காஸ்ட்ரின் மறுபடி ஏறிவிடும். அதனால் இங்கே மாத்திரைதான் முதலில். அது அமிலத்தைத்தான் தடுக்கும், கட்டியை அல்ல. கல்லீரலுக்குப் பரவும் ஆபத்து அப்படியே இருக்கும். ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. 2 செ.மீ. தாண்டினால் அறுவை பற்றிப் பேச்சு எழும்.

குளுக்ககோன், விஐபி என்ற ஹார்மோன்களைச் சுரக்கும் குளுக்ககோனோமா, விஐபோமா இரண்டும் மிக அரிது. எடுக்க முடிந்தால் எடுப்பார்கள்.

காஸ்ட்ரின் பரிசோதனைக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. அமிலம் பொங்கி, புண்ணில் இரத்தம் கசியலாம், குடலில் ஓட்டையும் விழலாம். அப்புறம் கழுத்தையும் பாருங்கள். பாராதைராய்டு பெருத்து கால்சியம் ஏறினால் காஸ்ட்ரினும் சேர்ந்து ஏறும். அந்தச் சுரப்பியை முதலில் சரிசெய்ததும் பலருக்கு மாத்திரையின் அளவே குறைந்துவிடுகிறது.