சென்சாரை மாற்றச் சொன்னால், முதலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று கேளுங்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். செக் எஞ்சின் லைட்டுக்காக 2,450 ரூபாயை வீணாகக் கொடுத்தேன். இன்னும் 38,000 கொடுக்க இருந்தேன்.

மே மாதம். காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சைலன்சரில் பெட்ரோல் வாடை. அம்மாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி என்பதால் அன்றைக்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் மாட்டியதும் பி0118 என்ற பிழைக் கோடு (code) வந்தது. "கூலண்ட் சென்சார் போயிடுச்சு சார், இந்த வெயிலுக்கு எது தாங்கும்?" என்றார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கிற சென்சார் அது. சென்சாரும் கூலியும் 1,850, ஸ்கேன் 600. பழைய சென்சாரைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். மறுநாளே லைட் திரும்ப எரிந்தது. போய்க் கேட்டால், "அப்போ இ.சி.எம். தான் சார், 38,000 ஆகும்" என்கிறார்கள். இ.சி.எம். என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். இரண்டு நாளும் அங்கே ஒருவர் கையிலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இல்லை.

ஸ்கேனர் திரையில் கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று இருந்தது. வேலூரில், கத்திரி வெயிலில்! அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. அந்தச் சர்க்யூட் எங்கோ அறுந்து கிடந்தால் இப்படித்தான் காட்டும். எஞ்சின் ஜில்லிட்டுக் கிடக்கிறது என்று இ.சி.எம். கணக்குப் போட்டு பெட்ரோலை அதிகமாக விடும், பாதுகாப்புக்கு ஃபேனையும் ஓட்டும். சென்சாருக்குள்ளே அறுந்தாலும் பி0118 தான், ஒயர் அறுந்தாலும் பி0118 தான். எது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லி, மேல்விஷாரத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பாய் ஸ்கேனரைத் தேடவே இல்லை. சென்சார் கனெக்டரைக் கழற்றினார், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பைக் கனெக்டரின் ஒரு பின்னிலும் வைத்தார். 4.98. "இ.சி.எம். அஞ்சு வோல்ட் அனுப்புது பாரு தம்பி, அது நல்லாத்தான் இருக்கு." அப்புறம் சிவப்பை அப்படியே விட்டு, கருப்பை மட்டும் எடுத்துக் கனெக்டரின் அடுத்த பின்னில் வைத்தார். அங்கேயும் ஐந்து காட்ட வேண்டும். ஒன்றுமே வரவில்லை. "எர்த் கட்டு" என்றார், அதாவது சென்சாரின் மைனஸ் ஒயர் அறுந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

ஒயர் கட்டின் கருப்பு டேப்பைப் பிரித்துக்கொண்டே போனார். பேட்டரி ட்ரேக்கு அடியில் எலி கடித்த இடம். ஒயரின் மேலுறை போய், செம்பு பச்சை பூத்து, தொட்டதும் இரண்டாக வந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, புது ஒயர் வைத்து சால்டர் அடித்து ஸ்லீவ் போட்டார். கனெக்டரை மாட்டி, பி0118 என்ற பிழைக் கோடை அழித்து ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் அமைதி. 500 ரூபாய் வாங்கினார்.

அதனால் சொல்கிறேன், சென்சார் போச்சு என்று யார் சொன்னாலும் "கனெக்டரில் எவ்வளவு வோல்ட் வருது, எர்த் வருதா, என் கண் முன்னால் காட்டுங்க" என்று கேளுங்கள். கழற்றிய பாகம் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூலண்ட் சென்சார் என்றால் அதை மீட்டரில் ஓம்ஸ் வைத்தே பார்த்துவிடலாம், சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்க வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இந்த ஒயர்களில் வைக்க விடாதீர்கள். அது இழுக்கும் கரண்டில் நல்ல இ.சி.எம்.மும் கெட்டுப்போகலாம்.

வெட்டி எடுத்த அந்த ஒயர்த் துண்டை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "சென்சார் புதுசா இருக்கிறது நல்லதுதானே சார்" என்றார்கள். பணம் திரும்ப வரவில்லை. ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.