வண்டித் திருட்டுப் புகாரும் ஐந்து முறை ஏறிய காவல் நிலையமும்

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த இரு சக்கர வாகனம் திருடுபோனதால், எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு மூன்று வாரங்களில் ஐந்து முறை போக நேர்ந்தது. நிலையத்தின் பெயரை எழுதினால் எனக்கு உதவிய பெண் ஏட்டு யாரென்று தெரிந்துவிடும். அதனால் வரும் தொல்லை அவருக்குத்தான் என்பதால் தவிர்க்கிறேன்.

முதல் நாள், நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர் என் மனுவைப் படிக்காமலேயே ஏ4 தாள் கட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். நான் கடையிலிருந்து திரும்பியபோது அவர் இருக்கையில் இல்லை. பாரா எனும் வாசல் காவல் பணியில் இருந்த அந்த ஏட்டு என்னை உட்காரவைத்து, மனுவில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து என்னையே எழுதவைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார். "தாளை எடுத்துட்டுப் போங்க சார், ரசீதைப் பத்திரமா வைங்க" என்றார். அதையும் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

மறுநாளே அவர் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்டார். என் புகாரும் அங்கேயே நின்றது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் "சி.எஸ்.ஆரே போதும்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்த பதில். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கை பதிவானது.

இப்படிப்பட்ட இடத்தில் நல்லவர் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறார் என்றே சொல்வேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இரவு முழுவதும் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. வாக்குமூலத்தில் கையெழுத்திடவே அவர் அஞ்சித் தயங்கினார் என்பதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அவருக்குப் பாதுகாப்புத் தர வேண்டியிருந்தது என்பதும், உண்மை பேசும் காவலருக்குத் தன் சகாக்களிடமிருந்தே காவல் தேவைப்பட்டதைக் காட்டுகின்றன. எங்கள் ஏட்டின் தாழ்ந்த குரலிலும் அந்த அச்சத்தின் சிறு சாயலைக் கேட்டதாகவே உணர்ந்தேன். ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கே துணிச்சல் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் அலுவலகத்துக்கு, அவருடைய நல்ல மனத்தைக் காட்டி மதிப்பெண் போட என்னால் இயலவில்லை. அவருக்கு ஐந்துக்கு ஐந்து, நிலையத்துக்கு ஒன்று.

புகார் கொடுக்கப் போகிறவர்கள் அன்றே சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். என் எஃப்.ஐ.ஆரில் புகார் பெறப்பட்ட நாளாக மூன்று வாரம் கழிந்த ஒரு தேதியையே எழுதியிருந்தார்கள். தாமதமாகப் புகார் செய்ததாகக் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பியபோது, திருட்டு நடந்த அன்றே நான் நிலையத்துக்குப் போனதற்குச் சான்றாக இருந்தது அந்த ஏட்டு கையெழுத்திட்டுக் கொடுத்த ரசீது ஒன்றுதான்.