தனிச் சேர்வர் எண்டு நம்பி 96,000 ரூபா குடுத்தன், நீங்களும் ஏமாறாதேங்கோ

பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள். இன்னும் ஆத்திரம் அடங்கேல்லை, எழுதாமல் இருக்கேலாது.

கனடா, லண்டன், பாரிஸில இருக்கிற பிள்ளையள் எங்கட வெப்சைட்டில காசு கட்டுவினம். நாங்கள் கிளிநொச்சியில இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு மட்டும் கொண்டுபோய் அம்மா அப்பான்ர வாசலில சாமான் இறக்குவம். எங்களுக்கு வருசத்தில பெரிய நாள் பொங்கல்தான். புதுப்பானை, பச்சையரிசி, சர்க்கரை, பயறு, கரும்பு, இலையோட மஞ்சள்.

பழைய ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைக்கிற வாடகை இடம், மலிவு, ஆனால் சனம் கூடினால் தளம் இழுபடும். அதால போன ஆவணியில, வெப்சைட் செய்து சேர்வரும் (வெப்சைட் ஓடுற கொம்பியூட்டர்) வாடகைக்கு விடுற ஒரு இடத்துக்குப் போனன். முறைப்பாடு குடுத்திருக்கிறபடியால் பேர் போடேல்லை. அங்க இருந்த தம்பி கொப்பித் தாளில ஒரு வாய்க்கால் கீறினார். "அண்ணை, நீங்கள் இப்ப இருக்கிறது ஷெயார்ட் ஹோஸ்டிங். இரணைமடு வாய்க்கால் மாதிரி. மேல உள்ளவன் முழுக்க இழுத்தால் கடைசி வயலுக்குத் தண்ணி வராது. வி.பி.எஸ் எண்டால் உங்களுக்கெண்டு தனிக் கிணறு."

என்ர அப்பான்ர வயல் வாய்க்கால் கடைசியில. தண்ணி வராமல் பயிர் கருகி நிண்டதைப் பார்த்து வளந்தவன் நான். அந்தச் சொல்லில விழுந்தன். 4 ஜீபி மெமரி, ஒவ்வொரு நாளும் பேக்கப் (எல்லாத்துக்கும் ஒரு பிரதி), 99.9 வீதம் நிக்காமல் ஓடும் எண்டார். ஒரு வருசக் காசு 96,000 ரூபாவையும் கையில எண்ணிக் குடுத்தன். ரசீதில "சேர்வர் கட்டணம்" எண்டு மட்டும் எழுதினவை. அதை அப்பவே கேட்டிருக்க வேணும்.

அவர் சொன்ன விளக்கத்தில பிழையில்லை. ஷெயார்ட்டில ஒரு மெசினைக் கனபேர் பங்கு போடுவினம், வி.பி.எஸ்ஸிலயும் மெசின் ஒண்டுதான், ஆனால் அதில உங்களுக்கெண்டு இவ்வளவு மெமரி, இவ்வளவு புரொசெசர் எண்டு ஒதுக்கித் தருவினம். விளக்கம் சரி, தந்த சாமான்தான் வேற.

பொங்கலுக்கு மூண்டு நாள் இருக்க, இரவு எட்டு மணிக்குத் தளம் நிண்டிட்டுது. 508, ரிசோர்ஸ் லிமிட் எண்டு காட்டுது. போன் எடுத்தன். "சிங்கப்பூரில மெயின்டனன்ஸ் அண்ணை, விடியச் சரியாகும்." விடிய எடுத்தால் "ரிக்கெற் போட்டிருக்கிறம்." மத்தியானம் "சேர் மீற்றிங்கில." பிறகு போனே எடுக்கேல்லை. வட்ஸ்அப்பில நீலச் சரி விழுகுது, பதில் இல்லை. அடுத்த நாள் நேர போனன். "உங்கட தளத்துக்குச் சனம் கூடிப்போச்சு, பெரிய பக்கேஜ்ஜுக்கு மாறுங்கோ" எண்டு இன்னும் 40,000 கேட்டினம். சனம் கூடும் எண்டுதானே 96,000 குடுத்தனான்!

வவுனியா பல்கலைக்கழகத்தில படிக்கிற மருமகன் வந்து பார்த்தவன். "மாமா, இந்த 508 பொதுவா ஷெயார்ட் கணக்குக்குப் போட்ட எல்லை தாண்டினால் வாறது" எண்டான். எங்கட ஐபி இலக்கத்தை, அதாவது சேர்வரின்ர விலாசத்தை, தேடினால் அதிலயே நூற்றுக்கு மேற்பட்ட தளங்கள் கிடக்கு. எங்களுக்குத் தந்ததும் ஷெயார்ட்தான் போல. வி.பி.எஸ் எண்டால் தாற ரூட் லொகின், அதாவது சேர்வரை முழுக்க ஆளுற சாவி, எனக்கு ஒருநாளும் தரேல்லை. அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது.

பொங்கலண்டு பின்னேரம் தளத்தைத் திருப்பித் தந்தவை, ஐப்பசி மாசப் பேக்கப்பில இருந்து. பொங்கல் ஓடர் ஒண்டும் இல்லை. காசு வந்தது வங்கியில தெரியுது, எந்த வீட்டுக்கு என்ன சாமான் எண்டது போச்சு. 41 ஓடர். இரவிரவாக வெளிநாட்டுக்குப் போன் எடுத்து 23 வீட்டைத்தான் பிடிச்சம். தருமபுரத்தில ஒரு அம்மா விடியக் கோலம் போட்டிட்டு, மகள் அனுப்பின பானை வரும் எண்டு பத்து மணி மட்டும் பார்த்திருந்தவ. பிறகு பழைய பானையில பொங்கினவ. அவவின்ர முகத்தைப் பார்க்கேலாமல் நிண்டன். 96,000 போனது ஒரு பக்கம், இதுக்கு ஆர் கணக்கு?

டொமைனும், அதாவது எங்கட வெப்சைட் விலாசமும், அவையின்ர பேரிலதான் பதிவாம். மாத்தித் தர 25,000 வேணுமாம்.

எப்பிடித் தெரிவு செய்யிறதெண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், இப்ப மனநிலை இல்லை. டொமைன் உங்கட பேரில, உங்கட ஈமெயிலில இருக்க வேணும். வி.பி.எஸ் எண்டால் ரூட் லொகினை வாங்கி, மெமரி எவ்வளவு எண்டு தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு பார்த்திட்டுக் காசு குடுங்கோ. பேக்கப்பில ஒரு பிரதி உங்கட கொம்பியூட்டரிலயும் கிடக்கட்டும், மாசம் ஒருக்கா அதைத் திறந்து பாருங்கோ. 99.9 வீதம் எண்டால் வருசத்துக்கு ஒன்பது மணித்தியாலம் கூட நிக்கக் கூடாது. எனக்கு மூண்டு நாள் நிண்டது. ஒரு வருசக் காசை ஒரேயடியாக் குடுக்காதேங்கோ, மாசம் மாசமாக் கட்டுங்கோ.

மிச்சம் 18 வீடு இன்னும் தெரியாது. பொங்கலுக்கு எங்களிட்டக் காசு கட்டினவை இதைக் கண்டால், கட்டின பேரையும் ஊரையும் உடன அனுப்புங்கோ. சாமானோ காசோ, நீங்கள் சொல்லுறபடி தாறன்.