அண்டி ஆபீஸ் முதலாளி பேசினார், புத்தகம் ஆனது: நினைவுத் தொகுப்புச் சேவை ஒன்றின் மதிப்பீடு

மணிவிழாவுக்கோ எண்பதாம் வயதுக்கோ அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டுத் தாம்பூலப் பையோடு கொடுக்க நினைக்கிற வியாபாரக் குடும்பங்களுக்கு இது பயன்படும். வீட்டுக்கு வந்து பேச்சைப் பதிவு செய்து, எழுதி, அச்சடித்துக் கையில் கொடுக்கும் சேவை ஒன்று நாகர்கோவிலில் இயங்குகிறது. அவர்கள் முடித்த ஒரு புத்தகத்தை அதன் ஒலிப்பதிவோடும், அச்சுக்கு முன் திருத்தப் போட்ட மெய்ப்புத் தாள்களோடும் ஒப்பிட்டுப் பார்த்த மதிப்பீடு இது. பேசியவர் முந்திரி வியாபாரி, ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீஸ் முதலாளி (அண்டி என்றால் முந்திரிக் கொட்டை). வழக்கமான டெமி புத்தக அளவு, 160 பக்கம், 300 பிரதி.

கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம், ஓர் அமர்வுக்கு ஒரே பொருள். "எங்கே பிறந்தீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "முதல் மூட்டை அண்டி யாரிடம் கடன் வாங்கினீர்கள்" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் தொழில் அத்தியாயம் பிரமாதம். வறுத்த அண்டியைக் கட்டையால் தட்டி உடைப்பது, தோட்டுப்பால் (அண்டித் தோட்டின் எண்ணெய்) பட்டால் தோல் வெந்துபோகும் என்று பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வது, போர்மா என்ற சூட்டறையில் உலர்த்திய பிறகு உட்தோல் உரிப்பது, ஒரு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 300 முதல் 320 பருப்பு நின்றால் டபிள்யூ 320 என்று தரம் பிரிப்பது, எல்லாம் அவர் வாய்மொழியாகவே நிற்கின்றன. ஒரு தொழிலாளி ஒரு நாளைக்கு எவ்வளவு உடைத்தார், கூலி எப்படிக் கணக்கானது என்பதும் இருக்கிறது. இதை எந்தப் பொன்விழா மலரிலும் பார்க்க முடியாது.

சிக்கல் தட்டச்சில் ஆரம்பிக்கிறது. ஒலியை எழுத்தாக்கும் மென்பொருளில் போட்டு, வெளியூரில் ஒருவரை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். நம்ம ஊர்த் தமிழ் அங்கே அடிபடுகிறது. "விளையை வித்து ஷெட்டு போட்டேன்" என்று அவர் சொன்னது முதல் மெய்ப்பில் "விலையை விற்று" என்று வந்திருக்கிறது. தோட்ட நிலத்தை இங்கே விளை என்பது திருத்தியவருக்குத் தெரியவில்லை. "வஸ்து வாங்கினேன்" என்றால் நிலம் வாங்கினேன் என்று அர்த்தம். அதைப் "பொருட்கள் வாங்கினேன்" என்று மாற்றி, அதற்கு அடுத்த வரியில் பத்திரப் பதிவு வருவதையும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல் மெய்ப்பை வீட்டில் வயதானவர் ஒருவரிடம் உரக்க வாசித்துக் காட்டினால் இவை பிடிபட்டுவிடும். இந்தப் புத்தகத்தில் வஸ்து தப்பியது மகள் வாசித்ததால்தான்.

ஆண்டுகளைச் சரிபார்க்கும் வேலையைச் சேவை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதில்லை. எடுக்க வேண்டும். பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்தால் ஆடி முடியும்வரை 825. ஆக 1121 பங்குனி என்பது 1946. இங்கே எல்லாவற்றுக்கும் 824 கூட்டி, குடும்பத்தின் முதல் கடை ஒரு வருஷம் முன்னதாகவே திறந்துவிட்டது. இன்னொரு பக்கத்தில் அவர் 1975-இல் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் போகிறார். அந்தத் தடம் திறந்ததே 1979-இல். ஞாபகம் அப்படித்தான் கலையும், பேசியவர் மேல் குற்றமில்லை. 1980-களின் "மாநகராட்சி கவுன்சிலர்" ஒருவரும் வருகிறார். நாகர்கோவில் 2019 வரை நகராட்சிதான்.

பெரிய ஏமாற்றம் ஊர்ப்பணி அத்தியாயம். வியாபாரிகள் சங்கம், பள்ளிக் கமிட்டி, கோயில் டிரஸ்ட் என்று பதவிப் பட்டியல், பக்கத்துக்குப் பக்கம் பொன்னாடை. அதுவரை "நான்" என்று பேசிக்கொண்டிருந்தவர் இங்கே திடீரென்று "அன்னார்" ஆகிவிடுகிறார். ஒலிப்பதிவைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஒரு குளம் தூர்வாரிய கதையை மனிதர் எட்டு நிமிஷம் சொல்கிறார்: வண்டலைச் செங்கல் சூளைக்காரர்களே அள்ளிக்கொண்டு போகட்டும் என்று பேசி வண்டிக்கூலியை மிச்சம் பிடித்தது, மடையைச் சரிசெய்யாமல் குளத்தை ஆழப்படுத்தியதால் முதல் வருஷம் கடைவரப்பு (பாசனத்தின் கடைசி) வயலுக்குத் தண்ணீர் ஏறாமல் போனது, திட்டியவர்களையே மறு வருஷம் கமிட்டியில் உட்கார வைத்தது. புத்தகத்தில் மிஞ்சியது, "குளம் தூர்வாரும் பணிக்கு உறுதுணையாக இருந்தார்." 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் இதே கதிதான். காய வைக்கிற களத்தில் கடற்கரைக் குடும்பங்களைத் தங்க வைத்து, மூன்று வார்ப்பில் (பெரிய பாத்திரத்தில்) கஞ்சியும் பயறும் வைத்ததாகப் பதிவில் இருக்கிறது. அச்சில் அது "நிவாரண உதவிகள் வழங்கினார்". அடுத்து ஒரு குளத்தைத் தூர்வாரப் போகிறவனுக்கு அந்த மடை விஷயம் தெரிந்திருந்தால் ஒரு போகம் மிஞ்சும். பொன்னாடைப் படத்தால் யாருக்கு என்ன?

பயணப் பகுதி சின்னது, சுகமானது. போணக்காடு வழியாக அகஸ்தியர்கூடம் ஏறியது, அட்டை கடித்தது, கால் வீங்கி இறங்கியது. கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அச்சுக்கு வருவோம். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்ற வழவழப்பில்லாத தாள், அட்டை 300 ஜிஎஸ்எம், இரண்டும் சரியான தேர்வு. படங்களுக்கு மட்டும் நடுவில் எட்டு ஆர்ட் பேப்பர் தாள்களைச் செருகி, மொத்தத்தையும் பசை பைண்டிங்கில் ஒட்டியிருக்கிறார்கள். வழவழப்புத் தாளைப் பசை சரியாகப் பிடிக்காது. நாலு தடவை விரித்தால் அந்த எட்டும் தனித்தனியாகக் கையோடு வரும், வந்தது. 16 பக்கப் பாரங்களாக (மடித்த தாள் கட்டுகளாக) நூல் தைத்து, படங்களைத் தனிப் பாரமாக வைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் செலவு கூடும், கொடுக்கலாம். படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் வாங்கியவை, முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஐந்து அங்குல அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்கு 1500 பிக்சல் வேண்டும். ஆல்பத்தையே கொடுத்து 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படமானால் 1200.

முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களை எழுதி வாங்கிவிடுங்கள். பக்கக் கோப்பு பழைய எழுத்துருவில் இல்லாமல் யூனிகோடில் வேண்டும். இந்தப் புத்தகத்தின் பிடிஎஃப்பில் "குளம்" என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, நகலெடுத்து ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அடுத்து, வெட்டாத முழு ஒலிப்பதிவும் குடும்பத்துக்கு வர வேண்டும். இவர்கள் கேட்டால்தான் தருகிறார்கள், கேட்காவிட்டால் புத்தகம் கைக்கு வந்த பிறகு அழித்துவிடுகிறார்கள். அந்த எட்டு நிமிஷக் குளம் இப்போது மகளின் பென் டிரைவில் மட்டும்தான் இருக்கிறது.