கம்பியில் குத்திய கடிதங்கள்: கட்டுக்கு ஒரு சோர்ஸா, கடிதத்துக்கு ஒன்றா?

எங்கள் வீட்டு நடையில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதத்தைப் படித்ததும் அதில் குத்திவிடுவார்கள். சின்னத் தாத்தா பினாங்கிலிருந்து எழுதியவை மட்டும் நூற்றுப் பத்து. அத்தனையையும் ஸ்கேன் செய்து கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் குழப்பம் வந்தது. 'சின்னத் தாத்தா கடிதங்கள்' என்று ஒரே சோர்ஸ் (தகவல் எதிலிருந்து வந்தது என்ற ஆதாரப் பதிவு) போட்டு, ஒவ்வொரு கடிதத்தையும் அதன் கீழ் சைட்டேஷனாக (ஒரு நிகழ்வுக்கு அந்த ஆதாரத்தில் எந்த இடம் சாட்சி என்று காட்டும் குறிப்பு) வைப்பதா? கடிதத்துக்குக் கடிதம் தனி சோர்ஸா?

முதலில் கட்டுக்கு ஒன்று என்றுதான் ஆரம்பித்தேன். பட்டியல் சின்னதாக இருக்கும். எழுதியவர் பெயரை ஒரு தடவை அடித்தால் போதும். கிராம்ப்ஸில் ஒரே சைட்டேஷனைப் பல நிகழ்வுகளுக்குப் பகிரவும் முடியும். கிராம்ப்ஸை விட்டு வெளியே போகாதவர்களுக்கு இதுவே போதும்.

எனக்கு உதைத்தது ஜெட்காமில், அதாவது வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தகவல் மாற்றிக்கொள்ளும் கோப்பு வடிவத்தில். அண்ணன் மகன் வைத்திருப்பது வேறு மென்பொருள். அவனுக்கு ஜெட்காம் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும். ஜெட்காமின் 5.5.1 பதிப்பில் சோர்ஸ் என்பது தனிப் பதிவு, எங்கிருந்து வேண்டுமானாலும் சுட்டலாம். சைட்டேஷனுக்கு அந்த யோகம் இல்லை. எந்த நிகழ்வுக்குச் சாட்சியோ அதன் அடியிலேயே எழுதப்படும். 2021-இல் வந்த 7.0-இலும் அப்படித்தான். ஒரு கடிதத்தில் ஒரு பிறப்பு, ஒரு காதுகுத்து, இரண்டு சாவு, ஒருவர் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பியது என ஐந்து செய்தி. சைட்டேஷனில் நான் தட்டச்சி வைத்திருந்த கடிதம் ஐந்து பிரதியாக அவனிடம் போய் இறங்கியது. பிறகுதான் நான் 'ஆனி' என்று படித்தது 'ஆடி' என்று தெரிந்தது. என் பக்கம் ஒரு திருத்தம், அவன் பக்கம் ஐந்து. நாலைத் திருத்தியவன் பிறப்புக்கு அடியில் இருந்ததை விட்டுவிட்டான். பினாங்கு அத்தை அவன் கணினியில் இன்னமும் ஒரு மாதம் மூத்தவர்.

அதன் பிறகு கடிதத்துக்கு ஒரு சோர்ஸ் என்று மாற்றிவிட்டேன். தலைப்பை '1949-08' என்று தேதியில் தொடங்கினால் பட்டியல் தானே வரிசைப்படும். படமும் வாசகமும் சோர்ஸில் ஒரே இடத்தில் இருக்கும். சைட்டேஷனில் எழுதுவது 'இரண்டாம் பக்கம், ஓரத்தில்' என்பதும் நம்பகத்தன்மையும் மட்டும். சொந்த மகள் பிறந்ததை எழுதியதற்கு உயர்ந்த படி. யாருக்கோ கல்யாணம் நிச்சயமானதாகக் கேள்விப்பட்டதற்குத் தாழ்ந்த படி. கடிதத்தில் 'விரோதி வருஷம்' என்றுதான் இருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தபால் முத்திரையைப் பார்த்து 1949 என்று முடிவு செய்த கதையையும் அந்தக் கடிதத்தின் சோர்ஸிலேயே எழுதிவைக்கலாம். பாதிக் கடிதங்கள் அக்கா வீட்டுக்குப் போனபோது, எது யாரிடம் இருக்கிறது என்று தனித்தனியே குறிக்கவும் முடிந்தது. மாற்றி அடிக்க இரண்டு வாரம் மாலைப்பொழுதுகள் போயின, அது உண்மை.

உறவினர்களின் வாட்ஸ்அப் அரட்டைகளை ஆதாரமாகச் சேர்க்கும் விஷயத்தில் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன், ஆறு மாத அனுபவம்தான். ஓர் உரையாடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாததால், அங்கே மட்டும் ஆளுக்கு ஒரு சோர்ஸ் என்று பழைய வழியிலேயே போகிறேன். அரட்டையை உரைக்கோப்பாக இறக்கும் அன்றே ஒரு வேலை: 3/8 என்றால் மார்ச்சா ஆகஸ்டா என்று சோர்ஸ் குறிப்பில் எழுதிவிடுகிறேன்.